மேடைக்கு ஒரு கல்

ஆரணியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு எதையும் பார்த்தவுடன் 'நல்லா இருக்கு' என்று சொல்ல வராது. குறை சொல்கிற மனிதர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. குறை சொல்கிறவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கும். இவருக்கு அது கிடையாது. ஒரு பொருளைக் கையில் எடுப்பார், திருப்புவார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார், மறுபடி திருப்புவார், கடைசியில் பெருமூச்சோடு கீழே வைப்பார். "இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் முகம்போல இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணிக்கு மாற்றலாகி வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியை வேலை. என் கணவருக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் காலையில் போய்விடுவார். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் நான் இருந்தேன். பின்பக்கம் அவரும் அவர் மனைவியும். நடுவே ஒரு முற்றம், கிணறு, துவைக்கிற கல். முற்றத்தில் நின்றால் அவர்கள் சமையலறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்.

அவர் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்த்தார். நெசவாளிகள் நெய்து கொண்டுவரும் சேலைகளைப் பிரித்துப் பார்த்து 'சரி' சொல்வதுதான் அவர் வேலை. என் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒருமுறை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஜன்னல் ஓரம் ஒரு நீள மேஜை. அதில் வெங்காய நிறச் சேலை ஒன்று விரிந்து கிடந்தது. எதிரே தேவிகாபுரத்திலிருந்து வந்த நெசவாளி, தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். இவர் குனிந்து, கரையில் விரலை வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு இழை உட்டுப்போச்சு."

"கண்ணுக்கே தெரியலீங்களே ஐயா."

"எனக்குத் தெரியுதே."

அந்த நெசவாளி சுருட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி, கண்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் என்னைப் பார்த்தபோது அவராகவே பேச்செடுத்தார். "பாவம்தான் டீச்சர். ஊட்ல புள்ளைங்கள வெச்சிகினு ராவும் பகலும் நெஞ்சிருப்பான். ஆனா நான் ஒண்ணு உட்டுட்டேன்னு வெச்சிக்கோங்க, அது யாரு ஊட்டுக்கோ போயிடும். அப்புறம் காலத்துக்கும் அதைக் கட்டிக்கிறவ தலையில." சொல்லிவிட்டு கிணற்றடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

கடையில் சேலை பார்க்கிற கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் காம்பைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். புதுக் குடத்தைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். செருப்புத் தைக்கிறவர், பால்காரர், வெள்ளையடிக்க வந்தவர்கள், எல்லாரும் அவரைக் கண்டால் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். அவர் மனைவி யாரிடமும் அவருக்காக மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டை போட்டதும் இல்லை. "இந்தப் பேஜாரு எனக்குப் பழகிப்போச்சு டீச்சரம்மா" என்பார். பழகிப்போனவர்களின் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் குரலும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. அதற்குள் அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி முற்றியிருந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். கீழே உட்கார்ந்து சமைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டு சமைக்க மேடை கட்டிவிடலாம் என்று இவர் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செங்கல்லில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு சின்னச் சுவர்கள் ஒரே வாரத்தில் எழும்பின. மேலே ஒரு பலகைக் கல்லை வைத்துப் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

கல் எது என்பதில்தான் வேலை நின்றது.

அப்போது ஊரில் இரண்டு வகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று கடப்பைக் கல். பூமியிலிருந்து வெட்டியெடுத்து, கறுப்பாக, வழவழப்பாகத் தேய்த்து வரும். இன்னொன்று மொசைக். வெள்ளைச் சிமெண்டில் பளிங்குத் துணுக்குகளைக் கலந்து பலகையாக வார்த்து, காய்ந்த பிறகு தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார்கள். பார்க்க வெளிச்சமாக இருக்கும். வசதியான வீடுகளில் மொசைக், மற்ற வீடுகளில் கடப்பை என்று ஒரு பேச்சு இருந்தது. இவருக்கு அந்தக் கௌரவமெல்லாம் பொருட்டில்லை. எது கடைசிவரை மோசம் போகாது என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

போளூர் சாலையில் இருந்த கல் கடையிலிருந்து கடப்பைத் துண்டு ஒன்று கொண்டுவந்தார். மொசைக் வார்ப்பவரிடமிருந்து ஒரு துண்டு. இரண்டையும் துவைக்கிற கல்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மஞ்சள், சுட்ட எண்ணெய் என்று வரிசையாகச் சொட்டுவிட்டார். தினமும் கடைக்குப் போகும் முன் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். நான் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான்.

"டீச்சர், ஒரு நிமிசம். நீங்க சொல்லுங்க, எது தேவலாம்?"

"கடப்பையே போடுங்க. கறை தெரியாது."

"அதான் பயம். கறுப்புல கறை தெரியாது, கரப்பானும் தெரியாது. அதுவும் இல்லாம அது அடுக்கு அடுக்கா வெளஞ்ச கல்லு. உள்ள இன்னா இருக்குதுன்னு எவனுக்கும் தெரியாது. ஒரு நாளு அப்படியே ஏடு ஏடா கெளம்பும்."

"அப்போ மொசைக்."

"இங்க பாருங்க, புளி பட்ட எடத்துல அரிச்சிருக்குது. செஞ்ச கல்லுல அவன் சிமெண்ட்டு எவ்ளோ போட்டான், சரியா காய உட்டானா, அதெல்லாம் அவனுக்குத்தான் வெளிச்சம்."

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு காலையில் முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் முன்வாசல் வழியாகவே போகத் தொடங்கினேன்.

யார் வீட்டில் புதிதாக மேடை போட்டாலும் போய்ப் பார்ப்பார். ஒருமுறை என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் வீட்டில் மொசைக் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து, என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவர் பாட்டுக்கு மேடையில் கன்னத்தை வைத்து மேற்பரப்பை ஒரு கண்ணால் பார்த்தார், அடியில் கையை விட்டுத் தடவினார். காய் நறுக்கிக்கொண்டிருந்த அந்த ஆசிரியை கத்தியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "ஓரத்துல மயிரிழையா ஒரு வெடிப்பு ஓடுதும்மா" என்றார் இவர். "எங்க கண்ணுல படாம நல்லாத்தான் இருந்துது" என்றார் அவர். அதன் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதற்கிடையில் அவர் மனைவி சமைத்தாக வேண்டுமே. அந்த இரண்டு சுவர்களின் மேல் ஒரு பழைய மரப்பலகையைப் போட்டு அதன்மேல் அடுப்பை வைத்துக்கொண்டார்கள். கடையில் சேலை மடிக்கப் பயன்பட்ட பலகை அது. ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்திருந்ததால் காகிதம் மடித்து அடியில் செருகியிருந்தார்கள். 'கல்லு வர்ற வரைக்கும்' என்று சொன்ன அந்த ஏற்பாடு ஒரு பொங்கலைத் தாண்டி, இன்னொரு பொங்கலையும் தாண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். போளூரில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய ஒரே மகள் சின்னக் குழந்தையோடு வந்திருந்து, அன்று காலைதான் திரும்பிப் போயிருந்தாள். அதிகம் பேசாத பெண். போகும்போது அவள் புடவைத் தலைப்பை இழுத்து மேல்கையை மூடிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளே சொன்னார்.

"குடிக்கிறான். கையும் நீட்றான். பொண்ணு வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குது. நமக்குத் தெரியாமப் போவுமா."

"விசாரிக்காமயா குடுத்தீங்க?"

அவர் கீரைக் காம்பைக் கீழே போட்டார். "கல்யாண சீசன் டீச்சரம்மா. கடையில மலமலயா சேலை வந்து குமிஞ்சிகினு இருக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஜல்தியா முடிக்கணும்னாங்க. இவரு பஸ் ஸ்டாண்டுல வெச்சி மாப்பிள்ளையப் பாத்தாரு. ஒரு டீ குடிக்கிற நேரம். ஊட்டுக்கு வந்து, பையன் நல்லா இருக்கான், முடிச்சிடலாம்னாரு. நானும் சரின்னேன். அவ்ளோ பாத்து எடுக்கிற மனுசன் சொல்றாரேன்னு."

அவர் இன்னொரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

"முன்னல்லாம் இவரு இப்படி இல்ல. கடையில பாப்பாரு, அதோட செரி. ஊட்ல நான் எதை வாங்கினாலும் ஏன்னு கேக்க மாட்டாரு. பொண்ணு மொத தடவ அழுதுகினு வந்துட்டுப் போச்சு பாருங்க, அதுக்கு அப்புறம்தான் இந்தக் கத்தரிக்கா, கொடம், கல்லு எல்லாம்."

அதற்குப் பிறகு அவரை அந்தக் கல் துண்டுகளுக்கு முன்னால் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. நின்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போவேன். என்ன சொன்னாலும் அவர் திருப்திப்படப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாவதாக ஒரு கல்லும் அப்போது பேச்சில் வந்து சேர்ந்தது. கிரானைட் என்று புதிதாக ஒன்று வருகிறதாம், நெருப்பு பட்டாலும் புளி பட்டாலும் அசையாதாம் என்று யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் யார் வீட்டிலும் அது இல்லை. "வரட்டும், அதையும் ஒரு தடவ பாத்துடலாம்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டே பலகையின் அடியில் காகிதத்தைச் சரியாகச் செருகினார்.

அந்தப் பலகைதான் ஒருநாள் காலை நழுவியது. சோறு வடிக்கப் பானையைத் தூக்கிச் சாய்த்து வைத்த நேரம். கொதிக்கிற கஞ்சி முழுவதும் அந்த அம்மாளின் இடது தொடையிலிருந்து பாதம்வரை கொட்டியது. அவர் கத்தவில்லை. "டீச்சரம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டார். நான் ஓடியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால் மடங்காததால் விழக்கூட முடியவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் காலில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தகவல் போய், அவர் கடையிலிருந்து நேராக வந்தார். சட்டையில் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கட்டில் பக்கத்தில் நின்று கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் குனிந்து பார்க்கிற அந்த மனிதர் அன்று குனியவில்லை. சற்றுத் தள்ளியே நின்றார்.

"சோறு வெந்துதான் இருந்துது" என்றார் அந்த அம்மாள் கண்ணை மூடியபடி. "எல்லாம் கொட்டிப்போச்சு. டீச்சரம்மா ஊட்ல சாப்டுக்கோங்க."

அவர் சாப்பிட வரவில்லை. மதியம் நான் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, அந்தப் பலகையை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் போளூரிலிருந்து வந்தாள். இந்த முறை பெட்டி பெரியதாக இருந்தது. குழந்தைக்கு இப்போது பள்ளிக்குப் போகிற வயது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து, கால் ஆறி, தோல் உரிந்து, கூடத்துக் கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறிய பிறகும் மகள் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுப்பைத் தரையில் இறக்கி வைத்து, குந்திச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் நான் கட்டிலருகில் இருந்தேன். அவள் சமையலறையிலிருந்து வந்து, துவைக்கிற கல்மேல் இருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து அப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள்.

"எது நைனா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்மா. கிரானைட்டுன்னு ஒண்ணு..."

"நீ பாத்தது போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. எதைப் போட்டாலும் ஏதோ ஒரு குத்தம் இருக்கும். இருந்துட்டுப் போவுது, அதும் மேலயே சமைச்சிக்கலாம்."

"அப்புறம் வெடிச்சிப்போச்சுன்னா? நான்தானே போட்டேன்னு ஆவும்."

"வெடிச்சா நான் பாத்துக்கறேன். உன்ன வந்து கேக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "இத்தினி வருசத்துல எதுக்காவது வந்து உன்ன கேட்டேனா?"

அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கேட்டிருக்கலாமே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"உனக்கு எது வேணும்?"

ஊரில் பாதிப் பேரிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் சமைக்கிறவர்களிடம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. மகளும் அதை நினைத்தாளோ என்னவோ, கட்டிலைப் பார்த்தாள். "அம்மாவக் கேளு. காலு ஆறினா நிக்கப்போறது அதுதான்."

அந்த அம்மாள் ரொம்ப யோசிக்கவில்லை. "கறுப்பே போடுங்க. வெள்ளக் கல்லுன்னா நாள் முச்சூடும் தொடச்சிகினே இருக்கணும். என்னால முடியாது."

அவ்வளவுதான். இத்தனை வருடம் இழுத்தது அத்தனை சீக்கிரம் முடிந்தது.

கல் வரவேண்டிய நாள் காலையில் அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கடைக்குக் கிளம்பிவிட்டார். என் வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கு அன்று விடுமுறை.

"டீச்சர், இன்னிக்கு ஊட்லதானே இருப்பீங்க? கல்லு வந்தா நீங்க கூட இருந்து வெக்கச் சொல்லிடுங்க."

"நீங்க இருந்து பாத்து வாங்கலாமே."

"பாத்தா வேணாம்னு திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். "என்னை எனக்குத் தெரியும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது. கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். "அந்தப் பக்கத்த செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிடுங்க" என்றாள் அவள். மத்தியானத்துக்குள் மேடை தயாராகிவிட்டது. பூச்சு காய்ந்த பிறகு அடுப்பை ஏற்றி, அந்த அம்மாள் ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டு பால் காய்ச்சினார். பல நாட்களுக்கு வீட்டுக்காரர் சமையலறைப் பக்கமே போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

அந்த மாதக் கடைசியில் போளூரிலிருந்து மருமகனும், அவன் பெரியப்பாவும், ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். இவர் கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். குழந்தை என் மடியில் இருந்தது. மருமகன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, பார்க்க அடக்கமாக இருந்தான். தலை நிமிரவில்லை.

பெரியப்பா நயமாகப் பேசினார். பையன் இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சாமிக்குக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான், அம்மா உடம்பும் தேறிவிட்டது, இனியும் பெண்ணை இங்கே வைத்துக்கொண்டால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றார். கடைசியில், "நீங்க எதையும் பாத்து, நெதானமா சொல்றவருன்னு எல்லாருக்கும் தெரியும். அவசரம் ஒண்ணுமில்ல. ஒரு வாரம் யோசிச்சி சொல்லுங்க. நாங்க வந்து கூட்டிகினு போறோம்" என்றார்.

"யோசிக்க ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர். "அனுப்பறதா இல்ல."

பெரியப்பா சிரிக்க முயன்றார். "அப்படி ஒரே பேச்சா சொன்னா எப்படிங்க. பையன் முகத்தப் பாருங்க."

"நான் பாக்கல" என்றார். உண்மையில் அவர் பார்க்கவும் இல்லை. தன் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். "கொழந்தைய பாக்கணும்னா இங்க வந்து பாத்துட்டுப் போவட்டும். யாரும் வேணாங்கல. பொண்ண அனுப்ப மாட்டேன்."

அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஊர்ப் பெரியவர் கோபப்பட்டார். மருமகன் ஒருமுறை அழுதான். இவர் திரும்பத் திரும்ப அதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார், சத்தமில்லாமல். கடைசியில் அவர்கள் எழுந்து, கொடுத்த மோரைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்த மகள் வெளியே வந்து, மோர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்பாவைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்து நான் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தேன்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பாப்பாவ உங்க ஸ்கூல்ல சேக்கணும். அதுக்கு அப்பன்காரன் வந்து கையெழுத்துப் போடணுமா? நான் வந்தா போதுமா?"

"நீங்க வந்தா போதும்."

மறுநாள் நான் போனபோது பள்ளி வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை இன்னும் வந்திருக்கவில்லை. குழந்தைக்குத் தலை வாரிப் பின்னி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.